ஆர்வின் ட்ரெக்ஸ்லர் ஆன்டெனா திருப்பிய படலம்

வாழ்க ஆர்வின் ட்ரெக்ஸ்லர்! விஸ்கான்சின் நாட்டு ரிவர் ஃபால்ஸ் நகரத்து மேப்பிள் நிழல் படர்ந்த தெருவிலே, இரண்டு கார்களையும் ஒரு பனிவாரி இயந்திரத்தையும் ஒருகுடைக்கீழ் ஆளும் அண்ணல் வாழ்க! முப்பதாண்டு பால் லாரி ஓட்டி முறுக்கேறிய புயத்தோன். ஐம்பத்தெட்டுப் பனிக்காலம் கண்டும் கையுறை காணாக் கையினன். கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சீஸ் துண்டுக்குள் பொதிந்து விழுங்கும் அஞ்சா நெஞ்சன். பச்சையும் பொன்னும் பூண்ட அமெரிக்கக் கால்பந்துப் படையின் பரமபக்தன். ஒருமுறை சொன்ன சொல்லை, அது தப்பென்று தனக்கே தெரிந்த பிறகும், மாற்றிச் சொல்லா மாண்பினன். அவன் புகழ் பாடப் புகுந்தோம். கண்ணுக்குத் தெரியாமல் கூரைகளின்மேல் உலவும் அலையரசியே, இப்பாட்டுக்குக் காது கொடு; முடிந்தால் அவனுக்குப் படமும் கொடு.

பகை பிறந்த கதையை முதலில் சொல்வோம். அவ்வில்லத்துச் சுவரைத் துளைத்துக் கருநாகமெனப் புகுந்து, கூடத்து மூலையில் சுருண்டு கிடந்தது கேபிள். இருநூற்றுப் பன்னிரண்டு சேனல்களை அது கக்கியது. அவற்றுள் ஆர்வின் பார்த்தவை நான்கு. எஞ்சிய இருநூற்றெட்டும், வாணலி விற்போர், வயிறு குறைப்போர், வீட்டை இடித்துக் கட்டுவோர், கட்டியதை மறுபடி இடிப்போர் என்று அவன் கூடத்தில் அழையா விருந்தாளிகளாய்க் குந்தியிருக்க, அவர்கள் அத்தனை பேருக்கும் மாதந்தோறும் தானே படியளக்கிறோம் என்ற உண்மை அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுதில், காப்பி ஆறுவதற்குள், அவன் நெஞ்சில் இடியென இறங்கியது.

எடுத்தான் தொலைபேசியை. மூன்று முறை கைமாறியது அழைப்பு. நான்காவதாக வந்தாள், போகிறேன் என்பவரைப் போகவிடாமல் தடுப்பதற்கென்றே கம்பெனி வளர்த்து வைத்திருந்த தேன்மொழியாள்.

"சார், இத்தனை வருஷம் எங்களோட இருந்துட்டுப் போறேன்னு சொல்றீங்களே, எங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு தெரியுமா? மீன்பிடி சேனல் மூணு மாசம் இலவசமாத் தரேன் சார்."

மீன்பிடி சேனல்! மலையென நின்ற வீரன் போனை மறு காதுக்கு மாற்றினான். உறைந்த ஏரியில் துளையிட்டு உட்கார்ந்து மீனுக்குக் காத்திருக்கும் மனிதர்களை மணிக்கணக்கில் காட்டும் சேனல் அது. அதில் அவன் காணும் சாந்தியைத் தேவாலயத்தில்கூடக் கண்டதில்லை. ஆயினும் தேறினான். "வேண்டாம்மா. காத்துல வர்றதே போதும் எனக்கு" என்று உரைத்துப் போனை வைத்தான். அன்று மாலையே அந்தக் கறுப்புப் பெட்டியைத் துண்டில் சுற்றி, சிறைபிடித்த சிற்றரசனைக் கொண்டுபோய் விடுவதுபோல், கம்பெனிக் கடையில் கொண்டுபோய் விட்டான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது காவியம் ஆகியிராது. வீட்டுக்குள் செய்த வீரத்தை ஊருக்குள் சொல்லாமல் இருக்க வீரனால் ஆகுமோ? வெள்ளிக்கிழமை இரவுக்கு எல்லோரும் மீன்வறுவல் தின்னக் கூடும் விருந்தகத்தில், நீண்ட மேசையைச் சுற்றிச் சுற்றம் அமர்ந்திருக்க, எலுமிச்சைத் துண்டைப் பிழிந்த கையோடு எழுந்து நின்றான் ஆர்வின்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! இனிமே என் வீட்டுல கம்பி கெடையாது. படம் ஆகாசத்துலேர்ந்து வரும். சும்மா வரும். ஞாயித்துக்கெழமை ஆட்டத்துக்கு எல்லாரும் வந்து கண்ணால பாருங்க!"

அவையோர் கைதட்டினர். கைதட்டாதவன் ஒருவன் இருந்தான். அவன் நெல்ஸ் லுண்ட்ஹோல்ம். ஆர்வினின் இல்லாள் மார்சிக்கு உடன்பிறந்த அண்ணன். செயின்ட் குரோய் ஆற்றுக்கு அக்கரையில், மினசோட்டா மண்ணில், வாசலில் ஊதாக்கொடி பறக்க வாழ்பவன். பச்சைப் படைக்கும் மினசோட்டாவின் ஊதாப் படைக்கும் உள்ள பகை அவர்கள் பிறப்பதற்கு முன்பே பிறந்தது. மார்சியும் ஊதாவில் பிறந்தவளே. திருமணத்தன்று ஆற்றைக் கடந்து பச்சைக்கு மாறினாள். நெல்ஸ் மாறவில்லை. அவன் ரொட்டியில் மெல்ல வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:

"ஓ... ஆகாசத்துலேர்ந்தா? அது ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கே, மாப்ள."

விஸ்கான்சின்காரன் மேசையைக் குத்தி, நாற்காலியை உதைத்து, உன்னைப்போல் முட்டாள் உண்டா என்று அலறினால் என்ன பொருளோ, அதே பொருள்தான் மினசோட்டாக்காரன் வாயில் 'வித்தியாசமா இருக்கே' என்பதற்கு.

"என்ன வித்தியாசம்?" என்று உறுமினான் ஆர்வின்.

"நான் ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டுல கேபிள் இருக்கு, டிவியும் கொஞ்சம் பெரிசு. இருக்குன்னுதான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

பச்சையும் ஊதாவும் மோதும் ஆட்டத்தன்று இரு கரைச் சுற்றமும் ஆர்வின் வீட்டில் கூடுவது பதினோரு ஆண்டு வழக்கம். அந்த உரிமையின்மேல், வெண்ணெய்க் கத்தியால், ஓசைப்படாமல், உரிமை கோரிவிட்டான் மைத்துனன். மார்சியோ நடுநிலை தவறாத நாயகி. "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. ஞாயித்துக்கெழமை ஆர்வின் வீட்டுல படம் ஒழுங்கா வந்தா அங்க. வரலைன்னா, சாசேஜ் சட்டியத் தூக்கிட்டு நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். பசிக்கறவங்க பின்னாடியே வாங்க" என்று தீர்ப்புரைத்தாள். சட்டி எங்கே போகிறதோ அங்கேதான் சுற்றமும் போகும். ஊதாக்கொடியின் கீழே தலைகுனிந்து நுழைந்து, அங்கே நெல்ஸ் வீட்டுச் சோபாவில் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்து, வருகிற ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அப்படியே உட்காருவது என்பதை நினைத்தபோது, ஆர்வின் மீன்தட்டை அப்பால் தள்ளினான்.

புலர்ந்தது சனிக்கிழமை. ஏணியேறினான் ஏந்தல். கையில் ஆன்டெனா: அலுமினியக் கொம்புகள் இருபது விரித்து, மான்கொம்பையும் மீன்முள்ளையும் ஒருசேரப் பழிக்கும் ஆயுதம். அட்டைப்பெட்டியில் மட்டும் அறுபது மைல் பாய்வது. கூரையுச்சியில் குழாய் நட்டு, அதன்மேல் அதைப் பூட்டி, எத்திக்கில் திருப்புவது என்ற வினா எழுந்தபோது, வீரன் இமைப்பொழுதும் தயங்கினானில்லை. கிழக்கே திருப்பினான்.

கிழக்கே இருநூற்றுச் சொச்சம் மைலுக்கு அப்பால் இருக்கிறது பச்சைப் படையின் அரங்கம். அவ்வீட்டுக் கொடி கிழக்கு நோக்கியது. அவன் முதல் மகளின் தொட்டில் கிழக்கு நோக்கியிருந்தது. ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் அவன் வாய்க்குள் முணுமுணுக்கும் பிரார்த்தனைகள் விண்ணுக்குப் போவதில்லை, நேரே கிழக்கேதான் போகும்.

கீழிருந்து மார்சி அட்டைப்பெட்டியைப் படித்தாள். "டவர் இருக்கற பக்கமாத் திருப்பணும்னு போட்டிருக்கு. டவர் எங்க இருக்கு ஆர்வின்?"

"எங்க இருக்கும்? ஆட்டம் நடக்கற எடத்துலேர்ந்துதானே படம் வரணும்?"

இந்தத் தருக்கத்தை மறுக்க அவளுக்கு நேரமில்லை, உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. உண்மை என்னவெனில், அவ்வட்டாரத்துக்குப் படம் அனுப்பும் கோபுரங்கள் அத்தனையும் மேற்கே, முப்பது மைலுக்குள், ஆற்றைத் தாண்டி மினசோட்டாவில்தான் நிற்கின்றன. பால் லாரியின் கண்ணாடி வழியே முப்பதாண்டாக அவற்றை ஆர்வினும் பார்த்திருக்கிறான். செவ்விளக்கு சிமிட்டும் அவை எதற்கென்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. விமானங்களுக்கு வழிகாட்டவாக இருக்கும் என்று முடிவுகட்டி, அந்த முடிவிலேயே இன்பமாக வாழ்ந்திருந்தான்.

ரிமோட்டை அழுத்த, டிவி திசையெங்கும் அலைகளைத் தேடிப் புறப்பட்டது. பூஜ்யம் முதல் நூறு விழுக்காடு வரை நத்தையென நகர்ந்த அத்தேடல், மூன்று நிமிடம் கழித்து மூன்று சேனல்களைக் கொணர்ந்து காலடியில் வைத்தது. ஒன்றில் ஒருத்தி மோதிரம் விற்றாள். ஒன்றில் ஒருவர் நரகத்தை வருணித்தார். ஒன்றில் முதியோர் அக்கார்டியன் இசைக்குப் போல்கா ஆடினர், அதுவும் சதுரம் சதுரமாக உடைந்து. ஆட்டம் காட்டும் சேனல் அகப்படவில்லை.

"ஞாயித்துக்கெழமை அலையக் கொஞ்சம் கூட்டி விடுவாங்க" என்றான் ஆர்வின். யார், எங்கே, எதைத் திருகிக் கூட்டுவார்கள் என்று மார்சி கேட்கவில்லை. அதற்குப் பெயர்தான் இல்லறம்.

ஞாயிறும் வந்தது. பதினொன்றரை மணிக்குச் சுற்றம் சூழ்ந்தது. பீரில் வெந்த சாசேஜ் மணந்தது, கடித்தால் கிறீச்சிடும் சீஸ் துண்டுகள் கிண்ணங்களில் குவிந்தன, நெல்ஸ் ஊதாச் சட்டையும் உருளைக்கிழங்கு வேய்ந்த கறித்தட்டுமாக வந்து, "காரை நான் வெளிய தெருவுலயே நிறுத்திருக்கேன். சீக்கிரம் கெளம்பணும்னா வசதியா இருக்கும்னு" என்று பணிவோடு மொழிந்தான். ஆர்வினின் தலையில் விளங்கியது மகுடம்: சீஸ் துண்டு வடிவில் மஞ்சள் நுரைப்பஞ்சில் வார்த்து, பச்சைப் படையின் பக்தர் சூடும் மகுடம், இருபுறமும் கூர்முனை கொண்டது, கதவு நிலைகளில் இடிப்பது. டிவியிலோ போல்கா நின்றபாடில்லை.

அலையைக் கூட்டுவார் எவருமில்லை என்று தெளிந்த தலைவன், இரண்டாம் படைக்கலத்தை உறையிலிருந்து உருவினான். டிவியின் முதுகில் செருகும் விரலளவுக் கருவி. இணையத்தின் வழியே உலகனைத்தையும் கூடத்துக்குக் கொணர்வது. அது கேட்டதெல்லாம் ஒரே ஒரு கடவுச்சொல். ஒவ்வோர் எழுத்தாக, இடம், இடம், கீழே, வலம் என்று ரிமோட்டின் அம்புப்பொத்தானால் அதை அவன் நெய்தான். தப்பு என்றது கருவி. மறுபடி நெய்தான். மறுபடியும் தப்பு. சினம் தலைக்கேற மூன்றாம் முறை நெய்தபோது, ஐயமுற்ற கருவி ஆறிலக்க எண் ஒன்றை ஓலையாய் அனுப்பியது. ஓலை போன இடம், கணக்கைத் தொடங்கிக் கொடுத்த மகள் பெத்தின் போனுக்கு. பெத் இருந்ததோ அரிசோனாவில்.

"அப்பா, இந்த நம்பர யார் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு போட்டிருக்கே?"

"நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்டி. நீ எனக்குக் குடு!"

பன்னிரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் விரிந்தது பச்சைப் புல்வெளி! எழுந்தது ஆரவாரம்! மார்சி சட்டியின் மூடியைத் திறந்தாள்; அதுவே சமாதான அறிவிப்பு. ஆர்வின் மைத்துனனை நோக்கி ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வையைப் பாடப் புகின் நூறு விருத்தம் தேவைப்படும். மைத்துனன் அப்போது ஊறுகாய்ப் புட்டியைத் திறந்துகொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

ஆனால் இணையத்து வீதி நெடியது. அரங்கில் நடந்தது கூடத்துக்கு வந்து சேர நாற்பது நொடி ஆயிற்று. இதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அடுத்த வீட்டில் பெவ் இல்லாதிருந்தால். பெவ், கேபிள் அறுக்காத கைம்பெண். பச்சைப் படை எல்லைக்கோட்டைத் தொடும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து, மாட்டுக் கழுத்து மணி ஒன்றைத் தெருவதிர ஆட்டுவது அவள் நோன்பு.

அடித்தாள் மணி.

கூடத்தில் இருபது தலைகள் சன்னல் பக்கம் திரும்பின. டிவியில் பந்து இன்னும் மைதான நடுவில், கவலையற்றுக் கிடந்தது.

"ஏய், என்னப்பா இது? பெவ் அடிச்சுட்டா, இவன் இன்னும் ஷூ லேஸ் கட்டிட்டு இருக்கான்!"

"பேசாம சன்னலத் தெறந்து வெச்சு பெவ்வையே பாப்போம்யா!"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றான் நெல்ஸ், "ஆனா அந்தம்மா மணி அடிக்கல பாரு, அப்பதான் எனக்கு மனசுக்கு நிம்மதியா இருக்கு."

அந்தோ! வருவது முன்பே தெரிந்தவனுக்கு ஆட்டம் ஏது? மணி அடித்தால் வெற்றிக்கு நாற்பது நொடி பழகிய முகத்தோடு காத்திருந்தனர். அடிக்காவிட்டால் நம்பிக்கையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தனர். பந்து விண்ணில் பறக்கும்போதே அது வீண் என்று தெரிந்திருந்தது. அதற்கும் மேலாக, நெருக்கடியான தருணங்களைத் தேர்ந்தெடுத்து, திரைநடுவே ஒரு சிறுவளையம் தோன்றிச் செக்குமாடெனச் சுற்றியது. பதினொருவரும் பதினொருவரும் ஒற்றைக்காலில் சிலையாகி நின்றனர். யாரும் கத்தவில்லை, யாரும் எழவில்லை, சீஸ்கூடக் கிறீச்சிடவில்லை. இடைவேளை வந்தபோது மார்சி அடுப்படிக்குப் போய், சட்டியின் இரு காதிலும் துணி சுற்றினாள்.

"மன்னிச்சுக்கோ ஆர்வின். படம் வருது, இல்லேங்கல. ஆனா இப்படிப் பாக்கறதுக்கு நாளைக்குப் பேப்பர்ல படிச்சுக்கலாம்."

கோட்டுகள் எடுக்கப்பட்டன. கார்ச் சாவிகள் குலுங்கின. அக்கரை இருபது நிமிடப் பயணம்.

"நில்லுங்கள்!" என்று முழங்கினான் என்று பாடத்தான் ஆசை. அவன் சொன்னது, "இருங்கப்பா, ஒரே ஒரு நிமிஷம், நான் மேல போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்பதே. இடைவேளை பதின்மூன்று நிமிடம். மகுடத்தைக் கழற்றவும் மறந்து ஏணியில் தாவினான். ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தவன் நெல்ஸ். எதிரியே ஆனாலும், ஏணி ஆடினால் பிடித்துக்கொள்வது மினசோட்டா மரபு.

நவம்பர்க் காற்று கூரையில் ஊழிக்கூத்தாடியது. மகுடத்தின் முனை கப்பற்பாயெனப் புடைத்தது. ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினான். கீழே, ஒரு கையில் சட்டியும் மறு கையில் ரிமோட்டுமாகச் சன்னலில் நின்ற மார்சி, தேடல் பொத்தானை அழுத்தினாள். ஒரு திசைக்கு மூன்று நிமிடம்.

"வருதா?"

"மோதிரம் வருது!"

வடக்கே திருப்பினான். இன்னும் மூன்று நிமிடம்.

"இப்ப?"

"மோதிரமும் போச்சு!"

வடகிழக்கே திருப்பினான், கெஞ்சுவதுபோல். அதற்கும் மூன்று நிமிடம். கார் ஒன்று கிளம்பும் ஓசை கேட்டது.

"என்ன வருது?"

"நரகம்!"

எஞ்சியவை நான்கு நிமிடம், எஞ்சியது ஒரு திசை. மரங்களுக்கு அப்பால், ஆற்றுக்கு அப்பால், சாம்பல் வானில் சிமிட்டின செவ்விளக்குகள். முப்பதாண்டாகத் தெரிந்தும் தெரியாதிருந்த அந்த உண்மை, கூரைமேல் கொலுவிருந்தவனின் எதிரே வந்து உட்கார்ந்துகொண்டது.

கீழிருந்து நெல்ஸின் குரல் வந்தது, மிகத் தயங்கி. "மாப்ள... நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க ஊர்ப் பக்கம் காத்து கொஞ்சம் நல்லாருக்கும்னு நெனைக்கறேன்."

"உனக்கு நேத்தே தெரியுமா மச்சான்?"

"வெள்ளிக்கெழமையே தெரியும்."

"அப்பறம் ஏன்யா வாயத் தெறக்கல?"

"வித்தியாசமா இருக்குன்னு அவ்வளவு கடுமையாச் சொன்னேனே?"

வீரன் ஆன்டெனாவைப் பார்த்தான். தன் நிழலைப் பார்த்தான்: சரிந்த கூரையில், கொம்பு முளைத்த சீஸ் ஒன்று கோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. பால் லாரி ஓட்டுகிற ஒரு கிழவன், தான் விசுவாசம் வைத்த திசையிலிருந்து மின்காந்த அலையும் வரும் என்று நம்பி, இருபது பேரை ஆற்றுக்கு அக்கரை துரத்தவிருந்தான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாம் நேரம்" என்று முனகி, பச்சைப் படையின் அரங்கத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக மூடி, குழாயை இரு கையாலும் பற்றி, பகைவனின் நாட்டுக்கு நேரே மேற்கே திருப்பினான்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். காற்றும் மூச்சடக்கியது.

"வந்துருச்சு!" என்று வீறிட்டாள் மார்சி. "ஆர்வின், வந்துருச்சு! கண்ணாடி மாதிரி! புல்லு புல்லாத் தெரியுது! அசையாத, ஸ்குரூவ முடுக்கிட்டு எறங்கு!"

கிளம்பிய கார் பின்னோக்கி வந்து நின்றது. கோட்டுகள் கழன்றன. சட்டி அடுப்புக்குத் திரும்பியது. பதினோராண்டு உரிமை பன்னிரண்டாம் ஆண்டுக்கும் நிலைத்தது. கேபிளை வென்றோன், காற்றை வென்றோன், கடவுச்சொல்லைக் கடந்தோன், தன் தலைக்குள்ளிருந்த கிழக்கையே திருப்பிய பெருமான், சில்லிட்ட விரலும் சிவந்த மூக்கும் சாய்ந்த மகுடமுமாக, வெற்றித்தூணில் சாய்த்த படிக்கட்டில் இறங்கும் வேந்தனென ஒவ்வொரு படியாக இறங்கி, புறவாசல் கடந்து, நிலையில் இடித்த மகுடத்தை நிமிர்த்தி, சுற்றம் எழுந்து நின்று தன் பெயர் சொல்லி முழங்கப்போகும் அந்த நொடிக்கு முகத்தில் அடக்கத்தைத் தயார்செய்துகொண்டு, கூடத்தின் வாயிலில் வந்து நின்று, இரு கைகளையும் அகல விரித்தபோது, மூன்றாம் கால்பகுதி தொடங்கிவிட்டிருந்தது. அவன் சாய்வு நாற்காலியில் நெல்ஸ் இருந்தான். சோபாவில் எட்டுப் பேர், தரையில் ஒன்பது பேர். யாரோ "மறைக்காத, தள்ளு" என்றார்கள்.

உட்கார இடமில்லாததால் ஆர்வின் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றுகொண்டே மீதி ஆட்டத்தைப் பார்த்தான்.